பள்ளத்து வீட்டை இடித்தவள்

ஊற்றி வைத்த டீ ஆறி, மேலே ஏடு கட்டிவிட்டது. அடுப்பு மேடையில் ஆறு டம்ளர்களும் வைத்தது வைத்தபடி இருந்தன. அந்த வீட்டில் காலை டீ ஆறுகிறது என்றால் யாரோ ஒருவர் யாரோ ஒருவரோடு பேசவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு அத்தனையும் ஆறிக் கிடந்தன.

அம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்து, பாதத்தில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் சித்தாளாக வேலை பார்த்தவள். செங்கல் சுமந்து சுமந்து உச்சந்தலையில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு முடி தேய்ந்துபோயிருந்தது. இன்னும் சரியாக வெளிச்சம்கூட வரவில்லை, அதற்குள் பள்ளத்துக்குப் போய்விட்டு வந்திருந்தாள்.

வேலிப் படல் கிறீச்சிட்டது. சின்ன மருமகள் வேகமாக வந்தாள். வந்த வேகத்தில் கையிலிருந்த மஞ்சள் கயிற்றுச் சுருளை அம்மாவின் காலடியில் எறிந்தாள்.

"அத்தை, இது என்ன?"

"கயிறு."

"கயிறுன்னு எனக்குத் தெரியாதா? நேத்து சாயங்காலம் அண்ணனும் தம்பியும் முதுகொடிய நின்னு முளைக்கு முளை இழுத்துக் கட்டின கயிறு! நம்ம வீட்டுக்கு இழுத்த கயிறு! விடிஞ்சு போய்ப் பார்த்தா அழகாச் சுருட்டி வேலியில மாட்டியிருக்கு. அவுத்தது யாரு?"

"நான்தான்."

அப்படி நேராக ஒத்துக்கொள்வாள் என்று சின்னவள் எதிர்பார்க்கவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"மூணு வருஷம், அத்தை... மூணு வருஷமா ஒரு போர்வையைக் குறுக்கால கட்டிட்டு அந்தப் பக்கம் நாங்க படுக்கிறோம், இந்தப் பக்கம் அக்கா பிள்ளைங்க படுக்குதுங்க. நான் தும்மினாகூட நாலு பேர் எழுந்து உட்கார்றாங்க! எனக்குன்னு ஒரு கதவு கேட்டேன். சாத்திக்கிற மாதிரி ஒரே ஒரு கதவு. அதுகூட உங்களுக்குப் பொறுக்கலையா?"

"வீடு வேண்டாம்னு நான் சொன்னேனா? அந்த இடம் வேண்டாம்னுதானே சொல்றேன்."

"எந்த இடமும் உங்களுக்கு ஆகாது! இடிச்ச கை சும்மா இருக்குமா?"

உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெரிய மருமகளின் கை நின்றது. முன்பக்கம் கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமனார் மேஸ்திரியின் இருமலும் பாதியில் நின்றது.

அந்தச் சொல்லை ஊர் சொல்லும். கிணற்றடியில் சொல்லும், வண்டி நிற்கும் இடத்தில் சொல்லும். வீட்டுக்குள் யாரும் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை.

அம்மா எழுந்தாள். கயிற்றை எடுத்து, சிக்கு விழாமல் முழங்கையில் சுற்றி, ஆணியில் மாட்டினாள்.

"டீ ஆறிடுச்சு. சூடு பண்ணித் தரேன், இரு" என்றாள்.

அந்தப் பெயர் வந்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

சாலையோரம் கல்லும் சரளையுமாக ஒரு மேட்டுத் துண்டு. அதன்மேல்தான் இப்போதிருக்கும் மூன்று அறை வீடு. வீட்டுக்குப் பின்னால் நிலம் மெல்லச் சரிந்து, ஒரு பெரிய தட்டு போலக் குழிந்து கிடக்கும் பள்ளம். புல்லும் நாணலும், ஓரத்தில் முள்செடியும். எல்லாம் அம்மாவின் அப்பா அவளுக்கு எழுதிக் கொடுத்தது. கல்யாணமான புதிதில் மேஸ்திரி தன் கையாலேயே பள்ளத்தில் ஒரு வீடு கட்டினார். ஊரே வந்து பார்த்தது. இரண்டே வருஷம்! ஒரு நாள் காலையில் பார்த்தால் வீடு தரைமட்டம். கையில் கடப்பாரையோடு இவள் நிற்கிறாள். "எனக்கு இந்த இடம் பிடிக்கலை. ரோட்டு மேல இருக்கணும். நான்தான் இடிச்சேன்" என்றாளாம். புருஷன் ஆசையாகக் கட்டிய வீட்டைத் திமிரெடுத்து இடித்தவள். அன்றைக்கு ஒட்டிய பெயர் முப்பத்திரண்டு வருஷமாக உதிரவில்லை.

மேஸ்திரிக்கோ பெயர் ஏறிக்கொண்டே போனது. "அந்த மனுஷன் கட்டின சுவத்துல ஒரு ஆணி அடிக்க அரை நாள் ஆகும்" என்பார்கள். முழங்கால் போய் அவர் உட்கார்ந்த பிறகு, அந்தப் பெயரை வைத்துத்தான் பெரிய மகன் கொத்தனாராக வேலை பிடிக்கிறான். "யாரோட மகன்?" என்று கேட்பார்கள். சொன்னதும் மறுகேள்வி இல்லை. சின்ன மகன் பால் வண்டி ஓட்டுகிறான். அவனுக்கு மண்ணைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சக்கரம் பதியுமா பதியாதா என்பது மட்டும்தான்.

மகன்கள் இருவரும் சேர்ந்து போட்ட திட்டம் இதுதான். பள்ளத்தை நடுவில் பிரிப்பது. ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு சுற்றுச்சுவர். லாரி லாரியாக மண்ணடித்து மேடாக்குவது. எல்லாம் தயார். நிலம் அம்மா பெயரில் இருப்பதால் வெள்ளிக்கிழமை நில ஆபீசில் அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

இரண்டாவது டீயும் ஆறுவதற்குள் மகன்கள் வந்துவிட்டார்கள்.

"ஏம்மா கயித்தை அவுத்தே?" என்றான் கொத்தனார். அவன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. சத்தம் போடாமல் கேட்பதுதான் அம்மாவுக்கு இன்னும் வலிக்கும்.

"நீ கயிறு கட்டின முளை எல்லாம் யார் அடிச்சதுன்னு நினைச்சே?"

"சர்வேக்காரர் அடிச்சது. தலையில வெள்ளை அடிச்சிருக்கே."

"வெள்ளை அடிச்சது நான். முளையும் நான் அடிச்சது. ஒவ்வொரு மழைக்கும் தண்ணி எதுவரைக்கும் வந்து நிக்குதோ, அந்த இடத்துல ஒரு முளை. நீ அதையே எல்லைக்கல்லுன்னு நினைச்சு உள்பக்கமா வீட்டுக்கு மூலை பிடிச்சிருக்கே. தண்ணி வீட்டுக்குள்ள கட்டில் போட்டிருக்கேடா, கண்ணா!"

சின்ன மகன் சிரித்துவிட்டான். "நம்ம அம்மா தண்ணிக்கு வேலி போட்டிருக்கா பாருண்ணே! நாலு வருஷமா அங்க கொக்குக்குக் கால் நனையல. நிக்கட்டுமே, மண்ணடிச்சா போச்சு."

"மண்ணடிச்சா தண்ணி எங்கடா போகும்? அங்க நின்னு இறங்குற தண்ணிதான் இந்தத் தெரு மொத்தத்துக்கும் கிணத்துல ஊறுது. அடியில களிமண்ணு. வெயில்ல கல்லு மாதிரி இருக்கும், மழையில மாவு மாதிரி ஆயிடும்."

"நான் குத்திப் பார்த்தேம்மா" என்றான் கொத்தனார். "கடப்பாரை தெறிக்குது. அவ்வளவு கெட்டி."

"கோடையில குத்தினா தெறிக்கத்தான் செய்யும்!"

"அம்மா... நீ சித்தாள். நான் கொத்தனார். அப்பா மேஸ்திரி. அப்பாகிட்டயே கேட்டுடுவோம்." அவன் முன்பக்கம் திரும்பினான். "அப்பா! நீங்க சொல்லுங்க. பள்ளத்துல வீடு நிக்குமா, நிக்காதா?"

மேஸ்திரி தலை நிமிர்ந்தார். அவர் கண் மகனைத் தாண்டி அவன் பின்னால் நின்ற மனைவியிடம் போனது. அம்மா யாருக்கும் தெரியாமல் தலையை ஒரு துளி அசைத்தாள். வேண்டாம்.

"அது... உங்கம்மா சொல்றதைக் கேளுங்கடா..." என்று இழுத்தார்.

"பார்த்தியா! அப்பா எப்பவும் அம்மாவுக்குப் பயந்தவர்தான்" என்றான் சின்னவன். சிரிப்பு போய்விட்டது. "அன்னைக்கு ஒரு வீடு போச்சு, அவர் வாயைத் திறக்கலை. இன்னைக்கும் திறக்க மாட்டார். அம்மா, நல்லாக் கேட்டுக்கோ. வெள்ளிக்கிழமை நீ கையெழுத்துப் போடலைன்னா சனிக்கிழமை நானும் இவளும் டவுனுக்குப் போறோம். அப்புறம் இந்தப் படியை நாங்க மிதிக்க மாட்டோம்!"

"டேய்..." அம்மாவின் குரல் உடைந்தது.

சமையலறையிலிருந்து பெரிய மருமகள் எட்டிப் பார்த்தாள். "சண்டை போடுறவங்க டீயைக் குடிச்சிட்டுப் போடுங்க. நான் டம்ளர் கழுவணும்."

யாரும் சிரிக்கவில்லை.

அன்று பகல் முழுக்க அம்மா பள்ளத்தின் ஓரத்தில் ஆட்டுக்குப் புல் அறுத்தாள். பேசிவிடலாம். ஒரு வாக்கியம் போதும். 'உங்கப்பன் கட்டின வீடுதாண்டா இங்க விழுந்தது' என்றால் கயிறும் போகும், கையெழுத்தும் போகும். கூடவே அந்த மனுஷன் தலையும் தொங்கிப்போகும். நாளைக்கு மகனைப் பார்த்து ஊர் கேட்கும்: சொந்த வீடே நிற்காதவன் மகனா நம் வீட்டைக் கட்டப்போகிறான்? முப்பத்திரண்டு வருஷம் சுமந்ததை இப்போதா இறக்கி வைப்பது? தலையில் செங்கல் ஏற்றியாகிவிட்டால் சாரத்தில் பாதியில் நிற்க முடியாது. ஏறித்தான் ஆகவேண்டும்.

அரிவாளைப் புல்லில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சின்னவன் போய்விடுவான்... அந்த நினைப்போடே புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை பள்ளத்துப் பக்கமிருந்து மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

அம்மா கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் இருவரும் மறுபடி கயிறு கட்டி, வானம் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். அஸ்திவாரக் குழி முழங்கால் ஆழம் போயிருந்தது. சின்னவள் மண்ணைக் கூடையில் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் பிடிவாதம், நெற்றியில் வேர்வை.

"அங்க தோண்டாதே! பெரியவனே, சொன்னாக் கேளு, அந்த இடத்துல தோண்டாதே!"

"என்ன அத்தை, புதையலா வெச்சிருக்கீங்க?" என்றாள் சின்னவள்.

ணங்!

மண்வெட்டி கல்லில் பட்டது. கொத்தனார் குனிந்து மண்ணை ஒதுக்கினான். செதுக்கிய கல். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வரிசையாகப் போனது.

"பழைய வீட்டு அஸ்திவாரம்!" என்றான் சின்னவன். "நல்லதாப் போச்சு. கல்லுக்கு அலைய வேண்டாம். அம்மா மேல இருந்ததைத்தான் இடிச்சிருக்கா, அடியில விட்டு வெச்சிருக்கா!"

கொத்தனார் சிரிக்கவில்லை. அவன் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கல்லின் மூலையிலும் ஒரு சின்னக் கூட்டல் குறி, அப்பா உளியால் போடுகிற அடையாளம். கையால் மண்ணைத் தள்ளிக்கொண்டே தவழ்ந்து போனான். நாலு அடி... ஆறு அடி... கல் கீழே இறங்கிக்கொண்டே போனது. நடுவில் ஒரு இடத்தில் வரிசை இரண்டாகப் பிளந்து, கை நுழையும் அளவுக்கு வாய் பிளந்து கிடந்தது.

"தம்பி, ட்யூபை எடு" என்றான். குரல் மாறியிருந்தது.

மட்டம் பார்க்கிற ட்யூப். இரண்டு பக்கமும் திறந்த, கண்ணாடி போலத் தெரிகிற நீள பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். ஒரு முனையை ஒருவர் பிடிக்க, மறுமுனையை இன்னொருவர் பிடிக்க வேண்டும். தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும். அதை வைத்துக் கல் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று சொல்லிவிடலாம். சின்னவன் மறுமுனையைப் பிடித்தான். வண்டி ஓட்டுகிற கைக்குக் குழாய் பிடித்துப் பழக்கமில்லை, தண்ணீர் குதித்தது.

"நீ பிடிச்சா விடிஞ்சிடும். அம்மா... நீ வா. அந்த முனையைப் பிடி."

"எதுக்குடா இதெல்லாம்? நான்தான் இடிச்சேன். இடிச்ச கல்லுல என்னத்தைப் பார்க்குறே?"

"பிடிம்மா."

அம்மா குழியில் இறங்கினாள். மகன் மேல்மூலைக் கல்லின் தலைக்குச் சரியாகத் தண்ணீரை நிறுத்தினான். அவள் கீழ்மூலையில் குழாயை நட்டு நேராகப் பிடித்தாள். தண்ணீர் ஆடி, ஆடி, நின்றது. இப்போது தண்ணீர் நிற்கும் இடத்தில் அவள் கட்டைவிரலை வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

விரலைக் கீழே வைத்திருக்கலாம். கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு "சரியா இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அவள் நினைக்கத்தான் செய்தாள். ஆனால் முப்பது வருஷம் குழாய் பிடித்த கை அது. மட்டத்தில் பொய் சொல்ல அதற்குத் தெரியவில்லை. விரல் தானாகப் போய்த் தண்ணீரின் கோட்டில் நின்றது.

மகன் வந்து, விரலுக்கும் கல்லுக்கும் நடுவில் தன் கையை விரித்து வைத்தான்.

"ஒரு சாண்... அதுக்கு மேல நாலு விரல்."

நிமிர்ந்தான். மண் அப்பிய முகத்தில் கண் மட்டும் சிவந்திருந்தது.

"கடப்பாரையால இடிச்சா சுவர்தாம்மா விழும். அஸ்திவாரம் ஒரு சாண் இறங்காது. இது இடிச்ச வீடு இல்லை. இது இறங்கின வீடு. தானா வெடிச்சிருக்கு. சொல்லும்மா... என்ன நடந்துச்சு?"

அம்மா குழாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"அவ சொல்ல மாட்டா."

எல்லோரும் திரும்பினார்கள். சரிவில் மேஸ்திரி நின்றார். ஒரு கையில் தடி, இன்னொரு கை பெரிய மருமகளின் தோளில். முழங்கால் போனபின் அந்தச் சரிவில் அவர் இறங்கியதே இல்லை. வேர்த்து வழிந்தது.

"என்னங்க, நீங்க ஏன் வந்தீங்க... வேண்டாங்க..." அம்மா பதறினாள்.

"போதும், இவளே. இன்னும் எத்தனை நாளைக்கு நீ சுமப்பே?"

குவித்த மண்மேல் உட்கார்ந்தார். தடியைப் பக்கத்தில் கிடத்தினார். மகன்களைப் பார்க்காமல் அந்தப் பிளந்த கல்லைப் பார்த்தே பேசினார்.

"உங்கம்மா அன்னைக்கே சொன்னா. 'இங்க தண்ணி நிக்கும், எங்கப்பா இங்க ஏர்கூட ஓட்ட மாட்டார்'னு சொன்னா. நான் மேஸ்திரி இல்லையா? 'சித்தாள் சொல்லி நான் கேக்கணுமா'ன்னேன். பெரியவனே, இப்ப நீ சொன்னியே, அதே வார்த்தை. ரெண்டாம் வருஷம் விடாம மழை. ஒரு நாள் நடுராத்திரி டமார்னு சத்தம். சுவர் ரெண்டாப் பிளந்து நிக்குது. கதவு திறக்கலை. உன்னை மாரோட கட்டிக்கிட்டு ஜன்னல் வழியா வெளிய குதிச்சா இவ. கால் பிசகி ஒரு மாசம் நொண்டினா. நான் என்ன பண்ணேன் தெரியுமா? அதோ அங்க உட்கார்ந்து, தலையில அடிச்சுக்கிட்டு அழுதேன். 'சொந்த வீட்டையே நிக்க வைக்கத் தெரியாதவனுக்கு எவன் இனி வேலை குடுப்பான்? நான் செத்தேன்'னு அழுதேன்..."

அவருக்கு மூச்சு வாங்கியது.

"இவ ஒண்ணும் பேசலை. உன்னை என் மடியில போட்டா. கடப்பாரையை எடுத்தா. பிசகின காலோட போய், நின்னுக்கிட்டிருந்த சுவரை எல்லாம் ஊர் முழிக்கிறதுக்குள்ள இடிச்சுத் தள்ளினா. வெடிப்பு ஒண்ணுகூட யார் கண்ணுலயும் படலை. வந்தவங்ககிட்ட 'எனக்கு இடம் பிடிக்கலை'ன்னா. ஊர் காறித் துப்புச்சு. நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். முப்பத்திரண்டு வருஷம் பார்த்துக்கிட்டே இருந்தேன்! நீங்க சாப்பிட்ட ஒவ்வொரு பிடியும் அவ இடிச்ச அந்தச் சுவத்துலேர்ந்து வந்ததுடா. அவ வீட்டை இடிக்கலை... என்னைக் கட்டினா!"

நாணலுக்குள் எங்கோ ஒரு பறவை கத்திவிட்டு ஓய்ந்தது.

முதலில் அழுதது சின்னவள்தான். கூடையைக் கீழே போட்டுவிட்டு, குழிக்குள் இறங்கி, அம்மாவின் மண் அப்பிய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை... இந்தக் கையையா நான் அப்படிச் சொன்னேன்? என் நாக்கை என்ன பண்றது, அத்தை..."

"விடுடி. உனக்கு எப்படித் தெரியும்? தெரியக்கூடாதுன்னுதானே நான் அவ்வளவு பாடுபட்டேன்." அம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். துடைத்ததில் சேறு இன்னும் அதிகமாக அப்பியது.

கொத்தனார் அப்பாவின் முன்னால் போய் மண்டியிட்டான். திட்டப்போகிறான் என்று மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். அவன் அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டான். சின்னவன் முளைகளிலிருந்து கயிற்றை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தான்.

"ஆனா அத்தை..." சின்னவள் விம்மலுக்கு நடுவில் மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு ஒரு கதவு?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள்.

"அதைத்தானே மூணு மாசமா யோசிச்சிட்டிருக்கேன்! பள்ளம் ஏன் ஆகாதுன்னு சொல்ல முடியாம இதை மட்டும் எப்படிச் சொல்றது? வாங்க எல்லாரும்."

மேட்டுக்கு ஏறினார்கள். அப்பாவை மகன்கள் இருவரும் கைகோத்துத் தூக்கி வந்தார்கள். வீட்டின் பக்கச் சுவரோரம் போய் அம்மா காலால் தரையைத் தட்டினாள்.

"இங்க ரெண்டடி தோண்டினா பாறை. வீடு தாங்குற மண்ணு இதுதான். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தனித்தனியா பரத்திக் கட்ட நினைக்கிறதாலதான் இடம் போதலை. ஒட்டிக் கட்டுங்க. நடுவுல ஒரே சுவர், ரெண்டு வீட்டுக்கும் பொது. மேல ஆளுக்கு ஒரு மாடி. நில ஆபீஸ்ல எழுதுற அம்மாகிட்ட ரெண்டு தடவை போய்க் கேட்டேன். 'பள்ளத்துல இனி யாரும் எப்பவும் கட்ட மாட்டோம், திறந்த நிலமாவே விடுறோம்'னு நீங்க எழுதிக் குடுத்தா, ரோட்டோரம் சுவரோட சுவரா ஒட்டிக் கட்டிக்க அனுமதி உண்டுன்னு சொன்னாங்க."

கொத்தனார் நடந்து நடந்து அடி வைத்து அளந்தான். உதட்டுக்குள் கணக்குப் போட்டான். முகம் மலர்ந்து, மறுபடி சுருங்கியது.

"ஏழடி குறையுதும்மா."

"தெரியும்."

"சமையலறையும் அதை ஒட்டின உன் ரூமும் போனாத்தான் வரும்."

"அதுவும் தெரியும்."

"அது உன்..." அவன் சமையலறைச் சுவரில் கையை வைத்தான். அந்தச் சமையலறையை அவள் தன் கையாலேயே பூசியிருந்தாள். அடுப்பு மேடைக்கு மேலே பிள்ளைகள் வளர வளரக் கரியால் கோடு போட்ட சுவர் அது. பெரியவன் கோடு, சின்னவன் கோடு, இப்போது பேத்திகள் கோடு.

"கோடெல்லாம் புதுச் சுவத்துல போட்டுக்கலாம். வளர்றது நிக்கவா போகுது?" அம்மா மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தாள். "ஊர் எனக்கு வெச்ச பேர் சும்மா போகவேண்டாம். இதையும் நானே இடிச்சிடுறேன்."

அவள் ஓங்குவதற்குள் கடப்பாரையின் நடுவில் இன்னொரு கை விழுந்தது. சின்னவளின் கை.

"தள்ளிப் பிடிங்க, அத்தை. இந்தத் தடவை நீங்க தனியா இடிக்க வேண்டாம்."

"இருங்க, இருங்க!" என்று பெரியவள் உள்ளே ஓடினாள். "என் டம்ளரை எல்லாம் எடுத்துக்கிறேன்!"

வெள்ளிக்கிழமை நில ஆபீசில் அம்மா இரண்டு தாளில் கையெழுத்துப் போட்டாள். ஒன்று மேட்டுக்கு. இன்னொன்று பள்ளத்துக்கு: யாரும் கட்டாமல், யாரும் மூடாமல், மழைக்கும் புல்லுக்கும் என்றைக்கும் திறந்து கிடக்கட்டும் என்று. திரும்பும் வழியில் மேஸ்திரி வண்டி நிற்கும் இடத்தில் இறங்கிக்கொண்டார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடம், யாரும் கேட்காமலே, பள்ளத்து வீட்டின் கதையை முதலிலிருந்து கடைசிவரை தன் வாயால் சொன்னார். சொல்லி முடித்ததும் ஒரு கிழவர் கேட்டார்: "அப்ப உன் மகன்கிட்ட இனி வேலை குடுக்கலாமா, கூடாதா?"

"குடு. அவன் மட்டம் பார்த்துட்டுத்தான் கல்லு வைப்பான். நான் பார்க்கலை."

அடுத்த மழைக்கு வீடுகள் எழும்பிவிட்டன. நடுவில் ஒரே சுவர். அதன் பின்முனையில் அம்மாவுக்கும் மேஸ்திரிக்கும் ஒரு சின்ன அறை. இந்த வீட்டுக்கு ஒரு கதவு, அந்த வீட்டுக்கு ஒரு கதவு. நாலு நாள் அடித்துப் பெய்தது. ஐந்தாம் நாள் காலையில் மழை விட்டதும் அம்மா பின்வாசலில் வந்து நின்று பார்த்தாள். பள்ளம் முழுக்க வானம் படுத்திருந்தது. கொக்குகள் முழங்கால் தண்ணீரில் நின்றன. தண்ணீர் வெள்ளைத் தலை முளைகள்வரை வந்து, ஒரு விரல்கூடத் தாண்டாமல் நின்றிருந்தது. சின்னவன் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, கையில் புது முளையோடு தண்ணீர் ஓரமாக நடந்துகொண்டிருந்தான்.

"எங்க அடிக்கணும்மா?" என்று கத்தினான்.

"தண்ணி எங்க நிக்குதோ அங்கடா!"

டொக்... டொக். நடுச்சுவரில் யாரோ தட்டினார்கள். அந்தப் பக்கம் சாத்தியிருந்த கதவைத் திறந்துகொண்டு சின்னவளின் குரல் வந்தது.

"அத்தை! எவ்வளவு நேரம் தண்ணியையே பார்த்துட்டு நிப்பீங்க? வாங்க. டீ ஆறுது!"